குமரி மாவட்டத்தில் வண்டியிலேயே ராத்தங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீட்டை மடக்கிப் பலகை போட்டு மெத்தை விரித்த ஒரு பழைய மாருதி ஆம்னி எங்களுடையது. நாகர்கோவிலில் வீடு இருந்தும் மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரி நானும் மனைவியும் அதில்தான் தூங்குகிறோம். 'வீடு இருக்கும்போது இது என்ன கிறுக்கு?' என்று அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வண்டியோடு வருகிறவர்கள் கேட்பதற்கு மட்டும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஆள் நடமாட்டமே இல்லாத, அமைதியான இடம் ஒன்று சொல்லுங்களேன்?

அப்படி ஒன்று இங்கே கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். மொத்தப் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதிலும் வடக்குப் பக்கம் மலையும் காடும் எடுத்துக்கொண்டது போக மீதியில்தான் இத்தனை பேரும் இருக்கிறோம். ராமநாதபுரம் பக்கம் ரோட்டை விட்டு இறங்கினால் பொட்டல் கிடைக்கும். இங்கே இறங்கினால் யாருடைய வீட்டு நடையிலோ போய் நிற்பீர்கள். ஓர் ஊர் முடிவதற்குள் அடுத்த ஊரின் பெயர்ப்பலகை வந்துவிடும்.

ஆளே இல்லாததுபோல் ஓர் இடம் தெரிந்தால் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வனத்துறை நிலம், யாரோ ஒருவருடைய விளை (தோட்ட நிலம்), இல்லையென்றால் ராத்திரி ஒன்பதுக்குமேல் குப்பியோடு ஆள் வரும் இடம். ஆரம்பத்தில் நாங்களும் இந்த மாதிரி இடங்களைத்தான் தேடினோம். இப்போது, நாங்கள் அங்கே படுத்திருப்பது ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் இடத்தைத் தேடுகிறோம். தூக்கம் நன்றாக வருகிறது.

அப்படியானால் எங்கேதான் நிறுத்துவது?

முதலிடம், உள்ளூர்க்காரர் ஒருவர் 'இங்கன போட்டுக்கிடுங்க' என்று கைகாட்டும் விளை அல்லது வீட்டு முற்றம். அடுத்தது ஊருக்குக் கொஞ்சம் வெளியே, பெரிய வளாகம் உள்ள லாட்ஜ். ஒரு ரூமை எடுத்துக் குளிக்க மட்டும் வைத்துக்கொண்டு வண்டியில் தூங்கலாம். குடும்பமாக வருகிறவர்களுக்கு இது தோதான வழி. மூன்றாவது கோவில் முற்றமோ சர்ச் வளாகமோ, கேட்டுவிட்டு மட்டும்.

கடைசி இடம் 24 மணி நேர பெட்ரோல் பங்க்குக்கு. வெளிச்சம், கேமரா, கழிப்பறை எல்லாம் இருக்கும், அமைதி இருக்காது. ஆரல்வாய்மொழியில் நுழைந்து களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் எம்.சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் ராத்திரி முழுக்க ஓடும். வெற்று லாரி திரும்பி வரும்போது பள்ளத்தில் விழுந்து எழும் சத்தம் இருக்கிறதே, அது இரும்புக்கடையையே கவிழ்த்தது மாதிரி இருக்கும்.

கேட்பது என்றால் யாரிடம்? எப்படி?

சாயக்கடையில். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், வெளிச்சம் போகுமுன்னே. இருட்டிய பிறகு கேட்டால் யாரும் 'சரி' சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

முதலில் சாயா சொல்லுங்கள். பழம்பொரி சூடாக இருந்தால் அதையும். கேள்வியை நீங்கள் தொடங்கவே வேண்டாம். வண்டிக்குள் மெத்தையைப் பார்த்ததும் அவர்களே தொடங்கிவிடுவார்கள். உள்ளூர் ஆள் என்றால் 'யாருக்க மவன்?' வரை போய்த்தான் நிற்கும். குலசேகரம் பக்கம் ஒரு கடையில் நடந்தது இது:

"அண்ணே, ராத்திரி வண்டியிலயே படுத்துக்கிடுவோம். நிறுத்த ஒரு இடம் வேணும். காலையில ஆறு மணிக்குக் கெளம்பிருவோம்."

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. நானும் வீட்டுக்காரியும்."

"எங்கேருந்து வாறீங்க?"

"நாகர்கோயில்."

"இந்தா இருக்க நாகர்கோயிலா? பின்ன வீட்டுக்குப் போனா என்ன?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் ஒருவர் எழுந்து வந்து தன் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடும் களத்தைக் காட்டினார். சமதரை, தண்ணீர்க் குழாய், ஒரு நாய். அந்த நாயும் எங்களை ஏற்றுக்கொண்டது.

நான்கு விஷயத்தை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர், ஒரே ராத்திரிதான், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், குடி கிடையாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் 'இடமில்லை' என்று முடித்துவிடுகிறார்கள். கிளம்புமுன் கடைக்காரரின் செல் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது போலீஸ் பற்றிய கேள்வியில் வருகிறது.

கடலோர ஊர்களில் பெரும்பாலும் பங்குத்தந்தையைப் பார்ப்பதுதான் முறை. அவர் இல்லையென்றால் ஊர்க் கமிட்டியில் யாராவது இருப்பார்கள். பத்து நாள் திருநாள் நடக்கும் சமயம் கேட்காதீர்கள். இடமும் இருக்காது, தூக்கமும் இருக்காது.

கடற்கரையில் நிறுத்தித் தூங்கலாமா? அதற்காகத்தானே வருகிறோம்!

தெரியும். நானும் அதற்காகத்தான் தொடங்கினேன்.

ஏறத்தாழ 72 கிலோமீட்டர் கடற்கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் நமக்கு. கணக்குப் பார்த்தால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர்கூட வராது. மதியம் மூன்று மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் மணல், விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு தொழிற்கூடம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராஜாக்கமங்கலத்துக்கும் முட்டத்துக்கும் இடையே ஓர் ஊர். கவிழ்த்துப் போட்ட இரண்டு வள்ளத்துக்கு நடுவே அளவெடுத்தது மாதிரி ஒரு இடைவெளி. ஆம்னியை நுழைத்துப் பின்கதவைத் திறந்து வைத்தால் நேராகக் கடல். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க யாரும் கண்ணில் படவும் இல்லை. மூன்றரை மணிக்குக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம். ஒரு பெரியவர். "மக்கா, வண்டிய அங்கோட்டு மாத்து. மடி இழுக்கணும்."

கரைமடி. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் பிடித்துக்கொண்டிருக்க, வள்ளம் கடலில் அரைவட்டம் அடித்து மறு கயிற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் நின்று, காலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். மறு கயிற்றுக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தில்தான் எங்கள் மெத்தை கிடந்தது. பதற்றத்தில் ரிவர்ஸ் போட்டேன். பின்சக்கரம் சுழன்று சுழன்று பாதிவரை மணலுக்குள் போனது. ஆறு பேர் வந்தார்கள். 'ஏலோ' என்று ஒரே மூச்சில் ஆம்னியைத் தூக்கிக் கெட்டி மண்ணில் வைத்துவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பினார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் கூச்சமாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே எங்களைப் பார்த்தார்களாம். வந்து கேட்பார்கள் என்று இருந்தார்களாம். ஏழு மணிக்கு ஒரு பனையோலைப் பெட்டியில் சாளை மீன் கொடுத்தனுப்பினார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் கடலே. கள்ளக்கடல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை இரண்டு மூன்று நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில்தான் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படிக் கடல் சீறிய நாளில்தான். அதற்கான எச்சரிக்கையும் அப்போது அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கொடுக்கும் அந்த எச்சரிக்கை உள்ளூர்ச் செய்தியில் வந்துவிடும். வந்த நாளில் கடற்கரையில் தூங்குகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

சாதாரண நாளிலும், காய்ந்த பாசியும் சிப்பியும் குப்பையும் சேர்ந்து மணலில் ஒரு கோடு போட்டிருக்கும். கடைசி ஏற்றத்தில் தண்ணீர் வந்த எல்லை அது. அதற்கு நன்றாக மேலே, கெட்டித் தரையில்தான் வண்டி நிற்க வேண்டும். அலைத்தடுப்புச் சுவரை ஒட்டியும் நிறுத்தாதீர்கள். ஆனி ஆடியில் அலை கல்லுக்குமேல் எழுந்து ரோட்டிலேயே விழும்.

சொத்தவிளை, சங்குத்துறை மாதிரி இடங்களில் சாயங்காலம் உட்காருங்கள், கால் நனையுங்கள். தூங்க ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்துவிடுங்கள். அலைச் சத்தம் அங்கேயும் கேட்கும். ராத்திரி இன்னும் தெளிவாகவே கேட்கும்.

மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய இடம் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அது தூங்குகிற இடம் அல்ல. சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் விடியலில் கிளம்பி ராத்திரி திரும்பும். திரும்பியதும் ஏலம், ஐஸ், லாரி. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் முதல் கணக்கில் வரும். குளச்சல், தேங்காய்பட்டணம் இரண்டாவதில். அந்த நாட்களில் துறைமுகம் அமைதிதான். ஆனால் வலை பின்னுகிறவர்களும் படகுக்குச் சாயம் அடிக்கிறவர்களும் நிறைந்திருப்பார்கள். பகலில் போய்ப் பேசிக்கொண்டிருக்க அருமையான சமயம்.

பேச்சிப்பாறை, காளிகேசம், கோதையாறு... காட்டுக்குள் கூடாரம் போடலாமா?

கூடாது. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே தங்குவது குற்றம். தீ மூட்டினால் அது தனிக் குற்றம். செக்போஸ்டில் 'சும்மா பார்த்துவிட்டு வருகிறோம்' என்று சொல்லி உள்ளே போய் ராத்திரி தங்குவதைச் சாமர்த்தியமாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்த அரிக்கொம்பன் யானையைக் கொண்டுபோய் விட்டது மேல் கோதையாறு பக்கம்தான். அவன் வராவிட்டாலும் அங்கே ஏற்கெனவே யானைகள் உண்டு. அரசு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மலையின் குளிர் வேண்டும் என்றால் குலசேகரம், பொன்மனை, அழகியபாண்டிபுரம் வரை போய் அங்கே யாரிடமாவது இடம் கேளுங்கள். விடியற்காலையில் போர்வை தேடுகிற குளிர் அங்கேயே கிடைக்கும். பகலில் பேச்சிப்பாறை போய்க்கொள்ளலாம்.

திற்பரப்பு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆற்றங்கரைப் பாறையில் வண்டியை இறக்கி நிறுத்தாதீர்கள். மேலே பேச்சிப்பாறையில் மறுகால் திறந்தால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலே கோதையாறு பெருகிவிடும்.

ரப்பர் தோட்டத்துக்குள்?

சொந்தக்காரர் சரி சொன்னால் நல்ல இடம். நேர்கோட்டில் மரம், மெத்தென்று சருகு, பகலில் நிழல். ஆனால் பால்வெட்டுக்காரர் விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். முதல் தடவை பார்த்தபோது மரத்துக்கு மரம் நின்று நின்று நகரும் அந்த ஒற்றை வெளிச்சம் என் மனைவிக்குக் கொள்ளிவாய்ப் பிசாசாகத் தெரிந்தது. அவருக்கு நாங்கள் எப்படித் தெரிந்தோமோ! அவருக்கும் முந்தின நாளே விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வெட்டு வரிசைக்குக் குறுக்கே நிறுத்தக் கூடாது. மழைக்காலத்தில் காய் வெடித்து வித்து ஆம்னி கூரையில் விழும்போது துப்பாக்கிச் சத்தம்தான். தை, மாசியில் இலை முழுக்க உதிர்ந்து கிடக்கும். அந்தச் சருகின்மேல் அடுப்பு பற்ற வைப்பதும் சிகரெட் போடுவதும் ஆகவே ஆகாது.

தென்னந்தோப்பு பாதுகாப்புதானே?

வேண்டாம். தேங்காய் என்றால் எல்லாருக்கும் பயம் வரும். எங்களுக்கு வந்தது காய்ந்த மட்டை. ராத்திரி இரண்டு மணி, ஒரு துளி காற்று இல்லை, கூரையில் 'டமார்'. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆளுயர மட்டை, அடிப்பகுதி ஆம்னியின் தகரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை நீளத்துக்குக் கிழித்திருக்கிறது. எம்.சீல் வைத்து அடைத்தோம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. காய்க்கும் தென்னைக்கும் காய்த்திருக்கும் சக்கைக்கும் (பலாவுக்கும்) கீழே நிறுத்தக் கூடாது, எந்த மாதமானாலும். கூரைமேல் கூடாரம் வைத்த வண்டிக்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

சானல் கரை, குளத்தங்கரை?

பார்க்க அழகு, நிறுத்தக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தோவாளைச் சானல், அனந்தனார் சானல் மாதிரியான பாசனக் கால்வாய்க் கரைகள் டூவீலருக்கும் டிராக்டருக்கும் போட்டவை. திருப்ப இடம் கிடையாது; ஓரம் மழையில் இளகும். ஜூன் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் ஓடும், அப்போது கரை எப்போதும் ஈரம். நான் நிறுத்துவது கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த பிறகு, வயலை ஒட்டிய களத்தில். அதுவும் உழவு டிராக்டர் வராத நாளாக.

தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்கள் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் ராத்திரி ஹெட்லைட்டைக் குளத்துக்கு நேராக எரியவிடுவதும் பாட்டுப் போடுவதும் சரியில்லை. கொசுவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வெட்டவெளியாக இருக்கிறதே?

வெட்டவெளிதான், அதை நிரப்பக் காற்று இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத்தானே அத்தனை காற்றாலையும் வைத்திருக்கிறார்கள்! வண்டியைக் குறுக்காக நிறுத்தினால் ராத்திரி முழுக்கத் தொட்டில். மூக்கு மேற்கே இருக்கும்படி நிறுத்தினால் ஆட்டம் பாதியாகக் குறையும். காற்றாலைக்குப் போகும் கப்பிச் சாலைகள் பெரும்பாலும் தனியார் இடம். காவலாளி வந்து எழுப்புவார். மார்கழி, தை, மாசியில் இதே இடம் வேறு மாதிரி: நட்சத்திரம் தெரியும், இறக்கைகள் சும்மா நிற்கும்.

பக்கத்துத் தோவாளையில் பூச்சந்தை இருப்பதால் விடியுமுன்னே வண்டிகள் வரத் தொடங்கிவிடும். தூக்கம் கலைந்துவிட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள். பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக இறங்கும் வாசனையில் தூக்கம் போனது பெரிதாகத் தெரியாது.

கன்னியாகுமரி ஊருக்குள் தங்கினால் சூரிய உதயம் பார்க்கலாமே?

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் பஸ்ஸும் வேனும் ஊர் கொள்ளாமல் நிற்கும். மற்ற மாதங்களில் நிறுத்த இடம் கிடைத்தாலும் அமைதி கிடைக்காது. கொட்டாரம், சுசீந்திரம் பக்கம் தூங்கிவிட்டு அலாரம் வைத்து ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். போதும்.

பகலில் பார்த்து ஓர் இடத்தின் ராத்திரியை எப்படிக் கணிப்பது?

தரையைப் பாருங்கள். உடைந்த குப்பிச் சில்லு, பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பாக்கெட் கிடந்தால் ராத்திரி அங்கே சபை கூடும், உடனே கிளம்புங்கள். சாணி, வைக்கோல், காயும் வலை, கட்டிப்போட்ட ஆடு என்றால் அது யாரோ தினமும் வந்து போகும் இடம், அவரைக் கண்டுபிடித்துக் கேட்கலாம்.

அப்புறம் தலையைத் தூக்கிப் பாருங்கள். குழாய் ஸ்பீக்கர் எந்தத் திசையைப் பார்க்கிறது? இந்த மாவட்டத்தில் விடியலைச் சேவல் அறிவிப்பதில்லை. ஒரு பக்கம் சுப்ரபாதம், ஒரு பக்கம் பாங்கு, ஒரு பக்கம் திருப்பலிக்கு முந்திய பாட்டு. நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையே மூன்றும் முடிந்துவிடும். எனக்கு அது பிடிக்கும், தூங்க முடியாதென்பது வேறு விஷயம். டிசம்பர் என்றால் தெருவுக்குத் தெரு கிறிஸ்துமஸ் ஸ்டாரும் குடிலும் மைக் செட்டும். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை விழா. சிவராத்திரிக்கு முந்தின நாளே சிவாலய ஓட்டம் தொடங்கிவிடும். முஞ்சிறை திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோவிலுக்கும் 'கோவிந்தா, கோபாலா' என்று ஓடுகிறவர்கள் ராத்திரி முழுக்க ரோட்டில் இருப்பார்கள். அன்று விளவங்கோடு, கல்குளம் பக்கம் தூக்கத்தை மறந்துவிட்டு அவர்களுக்கு மோர் ஊற்றுங்கள்.

ரயில் பாதை எத்தனை தூரம் என்பதை மேப்பில் பாருங்கள். இதை மட்டும் பகலில் கண்ணால் கணிக்கவே முடியாது.

ராத்திரி போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டினால்?

தட்டுவார்கள், அது அவர்கள் வேலை. உள்லைட்டைப் போடுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், கேட்குமுன் வணக்கம் சொல்லுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஆதார் எல்லாம் ஒரே கவரில் டேஷ்போர்டில் இருக்கட்டும். அடுத்ததாக, 'இந்தக் கடைக்கார அண்ணனிடம் கேட்டுத்தான் நிறுத்தியிருக்கிறோம், இது அவர் நம்பர்' என்று சொல்லுங்கள். எங்களிடம் அதற்குமேல் கேள்வி வந்ததில்லை. ஒரு தடவை, 'இங்க வேண்டாம், ஸ்டேஷன் பக்கத்துல வந்து போடுங்க' என்றார்கள். போட்டோம். அவர்கள் காட்டிய இடம்தான் அந்தப் பயணத்திலேயே அமைதியான ராத்திரி.

வண்டியில் தூங்குவதைவிட அது நிற்கும் இடம்தான் பெரும்பாலும் பிரச்சினை. மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை நிறுத்தக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு. நான்குவழிச்சாலையின் ஓரத்தில் ஒதுக்கித் தூங்குவது சட்டத்துக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும் வேண்டாம்.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108. கடலோரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093.

பெண்கள் மட்டும் வந்தால்?

கேட்ட இடத்தில் ஒரு பெண் முகமாவது இருக்கட்டும். 'இடம் இருக்கு' என்று ஓர் ஆண் சொல்லி, அந்த வீட்டில் பெண்கள் யாரும் வெளியே வராவிட்டால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடலாம். இட்லிக்கடை, பெட்டிக்கடை நடத்தும் அக்காக்களிடம் கேட்பது நல்லது என்று என் மனைவி சொல்கிறாள்; அவள் கேட்டு இதுவரை இல்லை என்று வந்ததில்லை. எல்லாருக்குமே ஒன்று: வண்டியின் முகம் வெளிவழியைப் பார்த்து இருக்கட்டும், டிரைவர் சீட்டில் மூட்டை வைக்காதீர்கள், சாவி தினமும் ஒரே இடத்தில்.

ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கலாமா?

எஞ்சின் ஓடும் வண்டியில் தூங்கவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. நிற்கும் வண்டியில் அது உள்ளே சேர்ந்தால் தூக்கத்திலேயே முடிந்துவிடும். கண்ணாடியை இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவு இறக்கி, கொசுவலைத் துணியைக் காந்தத்தால் ஒட்டி, ஒரு சின்ன யு.எஸ்.பி. ஃபேன் போட்டால் போதும். வண்டிக்குள் கேஸ் அடுப்பும் பற்ற வைக்காதீர்கள்.

தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் பாட்டிலை மெத்தையில் படுக்க வையுங்கள். உருண்டால் வண்டியை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் மேட்டுப் பக்கம் தலை வைத்துப் படுங்கள்.

கழிப்பறை, சாப்பாடு?

ராத்திரி ஒன்பதுக்குள் பங்கிலோ பஸ் ஸ்டாண்டிலோ வேலையை முடித்துவிட்டு இடத்துக்கு வாருங்கள். காலையிலும் அதே. கடற்கரையில் ஒதுங்கலாம் என்று நினைக்காதீர்கள், அது அவர்கள் மீன் காயப்போடும் மணல். சமைக்க நாங்கள் மெனக்கெடுவதில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும் ஊரில் வண்டிக்குப் பின்னால் நின்று நூடுல்ஸ் கிண்டுவது எனக்குப் புரியாத விஷயம். ஒரு சீப்பு மட்டிப்பழம் மட்டும் எப்போதும் தொங்கும்.

எந்த மாதம் வரலாம்?

தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்: ஜூனில் தொடங்கும் சாரல், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் விழுந்த ரப்பரையும் வாழையையும் பார்த்தவர்கள், நவம்பரில் வானிலை அறிவிப்பு பார்க்காமல் மரத்தடியில் வண்டி போட மாட்டார்கள்.

இடம் கொடுத்தவருக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம்?

நீட்டினால் பலர் முகம் சுளிப்பார்கள். அவர் கடையிலேயே ராத்திரிச் சாப்பாட்டையும் காலைச் சாயாவையும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு என்றால் பிள்ளைகளுக்கு ஏதாவது பலகாரம். லாட்ஜ் முற்றம் என்றால் கணக்குப் பேசிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நீங்கள் தூங்கிய இடங்களின் லொகேஷனை அனுப்புவீர்களா?

மாட்டேன். ஒரு தடவை அனுப்பினேன். அருமனை பக்கம் ஒரு வீட்டு விளை. கிணறு, பலாமரத்துக்குத் தள்ளி சமதரை, பின்னால் ஓடைச் சத்தம். நண்பர் ஒருவருக்கு அனுப்பியது, அவர் இன்னொருவருக்கு, அவர் ஒரு குழுவுக்கு. ஓணம் லீவில் கேட்காமலே நான்கு கார் வந்து நின்றிருக்கிறது. ஸ்பீக்கர், அடுப்பு, கிணற்றடியில் குளியல். நான் அடுத்து போனபோது கேட்டில் புதிதாகச் சங்கிலி தொங்கியது. அந்த அண்ணன் பழையபடியே சிரித்தார், உட்காரச் சொன்னார், சாயாவும் வந்தது. சாவி மட்டும் வரவில்லை. அன்று ராத்திரி பங்கில்தான் தூங்கினோம், டாரஸ் லாரிகளோடு.